கடல் தாண்டிப் போன பிறந்த வீட்டுக் கோடி

என் சரோஜாக்கா,

நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டேன். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் உடம்பு எந்த ஊரில் இருக்கிறதென்று அதற்கே தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்ட தட்டுக்கு முன்னாலேயே தூங்கி விழுகிறேன். கண்டக்டர் வேலையில் இத்தனை வருஷம் நின்றுகொண்டே போனவனுக்கு உட்கார்ந்துகொண்டு போன பிரயாணம் இப்படி அடித்துப் போடும் என்று யார் கண்டது?

ஆட்டோவில் இருந்து இறங்கிக் கால்கூடக் கழுவவில்லை, அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“போத்தினியாடா?”

“மொதல்ல ஒரு வாய் தண்ணி குடும்மா.”

“தண்ணி எங்கயும் ஓடிப் போவாது. போத்தினியா, இல்லியா?”

“கால் வலிக்குது. குளிச்சிட்டு வந்து சொல்றேன்.”

அன்றைக்குக் குளித்தேன். அதற்கப்புறமும் தினம் குளிக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்லிவிட்டு அவளிடம் போகலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று கேட்பாய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உன் மகள் மீனாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சம்பந்தப்பட்ட இரண்டு பேர் கண்ணிலும் படாத இடம் அச்சு ஒன்றுதான். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டிலும் அக்கா தங்கை இருப்பார்கள்.

நீ போன சேதி வந்த காலையில் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதில்லையா? மீனா போனில் அழுதாள். என் பெண்டாட்டி கஸ்தூரி அழுதாள். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே அழுதேன். அம்மா மட்டும் அழவில்லை. அவிழாத கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு, “ஜல்தியா போயி கோடி எடுத்தா” என்றாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப்புடவை போக வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுபோய் அவள்மேல் போர்த்த வேண்டும். எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறோம், எல்லாம் முடிந்து தூக்கப் போகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் கத்துவாரே, “இருங்கப்பா, பொறந்த வூட்டுக் கோடி இன்னும் வரல” என்று. அது வந்து விழாமல் பெண்ணைத் தூக்க மாட்டார்கள்.

பிரான்சுக்கு எப்படியம்மா கோடி போகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனம் கிளம்பிவிட்டேன். இதில் நான் மட்டும் முட்டாள் இல்லை, அக்கா. மயிலம் ரோட்டில் பார்த்தவர்கள் எல்லாம் “எங்க ஏழுமலை இவ்ளோ வேகமா?” என்று கேட்டார்கள். அக்காவுக்குக் கோடி எடுக்க என்றேன். எப்படி அனுப்புவாய் என்று ஒருத்தர் வாயிலிருந்தாவது வரவேண்டுமே! “போ போ, ஜல்தியா போ, லேட் பண்ணாத” என்று வழி விட்டார்கள்.

கடைக்காரர் கோடி என்றதும் கீழ்த்தட்டில் கையை விட்டார். அந்தத் தட்டுப் புடவைகள் உனக்குத் தெரியும். கொசுவலைக்கு அக்கா தங்கை. நெருப்புக்குப் போகிற துணிக்கு இது போதும் என்று நெய்தது. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

“மேல் தட்டுல இருந்து எடுங்க.”

“கோடின்னு சொன்னீங்களே?”

“கோடிதாங்க. எங்கக்கா கட்டிக்கற மாதிரி எடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துப் போட்டார். மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். கோடிக்கு ரவிக்கை சேர்க்க மாட்டார்கள் என்று அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால், மாமா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டதே, வெள்ளைதானே எடுக்க வேண்டும் என்று கஸ்தூரி இழுத்தாள். “அவ புருசனுக்கா எடுக்கறோம்? எம் பொண்ணுக்கு எடுக்கறோம்” என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அப்புறம் புடவை முனையைத் தடவிப் பார்த்து, “மஞ்சள் வெச்சிடாதீங்கடி. இது கட்டிக்கற துணி இல்ல” என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

அந்த வாரக் கடைசியில் உன்னைப் போனில் காட்டினார்கள். ஒரு பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பூக்கள், யாரோ பியானோ வாசிக்கிறார்கள். அம்மா போனுக்குள் போய்விடுகிற மாதிரி குனிந்து, “மேல ஒரு துணி கூட இல்லியே, யார்னா போத்துங்களேன், எம்மா, யார்னா போத்துங்களேன்” என்று கத்தினாள். அந்தப் பக்கம் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். ஒருத்தர் காதிலும் விழவில்லை. பெட்டி ஒரு கதவுக்குள் போனது, கதவு மூடியது. கோடி என் மடியில் இருந்தது.

அதற்கப்புறம்தான் பேஜாரு. கோடி வாங்கினால் அன்றைக்கே போய்விட வேண்டும், வீட்டுக்குள் தங்கக் கூடாது. கஸ்தூரி வாசற்படியைத் தாண்ட விடவில்லை. தூக்கிப் போடவும் அம்மா விடவில்லை. “அது அவளோடது. அவகிட்டத்தான் போவணும்.” கடைசியில் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கொல்லைமேட்டு மோட்டார் கொட்டாயில் ஆணியில் மாட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேதான் தொங்கியது. மல்லாட்டைக்கு, அதுதான் நிலக்கடலைக்கு, தண்ணீர் விடப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். மோட்டாரைப் போட்டால் கொட்டாய் அதிரும், பையும் ஆடும். சரி சரி, வர்றேன் இரு என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

பாஸ்போர்ட், விசா என்று அலைந்த கதையைச் சொன்னால் நீயே எழுந்து வந்து போதும்டா என்பாய். இன்னும் ஒரு பேப்பர், இன்னும் ஒரு பேப்பர் என்று சென்னைக்கு நடையாய் நடந்தேன். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்ல? பழைய கோட்டையும் துறைமுகமும் உள்ள ஊர், அதைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லு மாமா என்று மீனா சொல்லிக் கொடுத்தாள். செஞ்சிக் கோட்டையையே பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவன் நான். கூசாமல் சொன்னேன்.

பிளேனில் அந்தப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. பாரீசில் இறங்கி, ரயில் ஏறி, லா ரோஷெல் என்ற ஊரில் இறங்கினால் உன் மகள் நிற்கிறாள். உன் நெற்றி, உன் நடை.

“வா மாமா. எப்டிக்கீற? ரொம்பக் களைச்சிப் போயிக்கீறியே.”

பிளாட்பாரத்திலேயே சிரித்துவிட்டேன். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரி மாதிரி நிற்கிறவள் வாயைத் திறந்தால் நம் ஊர்ப் பேச்சு. அவளுக்கு ‘ங்க’ போடத் தெரியவில்லை. நீ அவளிடம் பேசின தமிழ்தானே அவளுக்குத் தெரிந்த மொத்தத் தமிழ்? என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

நீ இருந்த தீவுக்குப் போகிற அந்தப் பாலத்தை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நான் நம்பியதில்லை. கார் கடலுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறது, முடிகிற வழியாக இல்லை. அந்தப் பக்கம் இறங்கினதும் உப்பளம். “இங்க மரக்காணம் மாதிரியே உப்பளம்டா” என்று நீ சொல்லும்போதெல்லாம், பிரான்சில் ஏது உப்பளம், ஊர் ஞாபகத்தில் உளறுகிறாய் என்று நினைப்பேன். மரக்காணமேதான் அக்கா. அதே பாத்தி, அதே வரப்பு, அதே சாம்பல் தண்ணீர். வெயில் மட்டும் இல்லை.

உன் ஊர் சேன் மர்த்தேனுக்குள் ஒரு கோட்டை வாசல் வழியாக நுழைந்தோம். ஊரைச் சுற்றி மதில், மதிலைச் சுற்றி அகழி. உன் வீட்டுச் சந்து அவ்வளவு குறுகல், கல் இடுக்கில் எல்லாம் ஏதோ பூச்செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கதவைத் திறந்து மீனா உள்ளே போனாள். நான் வாசலில் நின்றுவிட்டேன். கையில் கோடி இருக்கிறதே, எப்படி உள்ளே போவேன்? கதவுக்கு வெளியே, அந்தப் பூச்செடிக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பையை வைத்தேன். மறுநாள் காலையில் நேராக உன்னிடம் எடுத்துக்கொண்டு போவது என்று நினைப்பு. மீனாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாய் திறக்கக்கூட முடியாத அசதி. அவள் போட்டுக் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே உன் கட்டிலில் விழுந்துவிட்டேன்.

காலையில் எழுந்து வந்து பார்க்கிறேன், தெருவெல்லாம் ஈரம். பை வெளியே இல்லை. திரும்பினால் அடுப்படியில் மீனா நிற்கிறாள். மயில்கழுத்துப் புடவையில்.

உள்ளே வெள்ளை ஸ்வெட்டர், அதன்மேல் புடவை. போனில் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். ஏழெட்டு ஊக்கு தெரிகிறது. கொசுவம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, காலில் ஷூ. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அம்மா பிணத்துக்கு எடுத்த கோடியை மகள் கட்டிக்கொண்டு, காபி போட்டுக்கொண்டு நிற்கிறாள். கழட்டு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“மழை வந்துச்சி மாமா. நீ பைய வெளிய மறந்துட்ட. நல்ல வேள, நனையறதுக்குள்ள எடுத்தாந்துட்டேன்” என்றாள். “எனக்குத்தான்னு தெரியும். அம்மா சொல்லிக்கினே இருக்கும். மாமன் வந்தா பொடவ எடுத்தாருவான்னு. நான் பொறந்தப்ப நீ வரல. பெரியவளானப்பயும் வரல. அம்மா அன்னிக்கு அழுதுச்சி. இப்ப எடுத்தாந்துட்ட பாரு.”

காபியை ஊற்றிக்கொண்டே இன்னும் சொன்னாள்.

“அம்மா புதுசு எது வாங்கினாலும் ஒரு மூலையில மஞ்சள் வெக்கும். எங்க அப்பா சட்டையில கூட வெக்கும். ஆபீசுல கேப்பாங்கன்னு அப்பா கத்தும். இதுல இல்ல. நீ மறந்துட்டியோன்னு நானே வெச்சிட்டேன்.”

முந்தானை மூலையை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். விரல் பட்ட அகலத்துக்கு மஞ்சள். இன்னும் காயவில்லை. அடுப்பு மேடையில் ஒரு டப்பா திறந்து கிடந்தது. அதன் மூடியில் கட்டின சிவப்பு நூலைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காபி அப்புறம் குடிக்கிறேன், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உன் ஊரை நான் அப்படித்தான் பார்த்தேன், ஒன்றும் மனசில் ஏறாமல். துறைமுகம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். உள்ளே படகெல்லாம் நிறைகுளத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் கடல் வற்றிப்போய் வெறும் சேறு. கடலைக் கதவு போட்டு நிறுத்தி வைக்கிற ஊரில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன். மதில்மேல் புல் முளைத்துக் கிடக்கிறது. செஞ்சியில் பாதி உயரம்கூட இல்லை, ஆனால் விரல்விரலாக நீட்டி நீட்டிக் கட்டியிருக்கிறான், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சுடலாமாம். ஒரு மூலையில் இன்னும் ஜெயில் நடக்கிறது. அந்தக் காலத்தில் கைதிகளை இங்கிருந்துதான் கப்பலேற்றி எங்கோ கண்காணாத தேசத்துக்கு அனுப்புவார்களாம், திரும்பி வந்தவர்கள் குறைவாம். நீயும் கண்காணாத தேசத்துக்கு வந்தவள்தானே என்று தோன்றியது. அகழி ஓரமாக ஒரு கழுதை மேய்கிறது, கட்டம்போட்ட துணியில் கால்சட்டை போட்டுக்கொண்டு! உப்பளத்துக் கொசுவுக்காக அந்தக் காலத்தில் போட்டுவிடுவார்களாம், இப்போது வேடிக்கைக்கு. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு அதுவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதில்மேல் உட்கார்ந்து கஸ்தூரிக்குப் போன் போட்டேன்.

“ஏங்க, போத்திட்டீங்களா?”

“இல்ல. மீனா கட்டிக்கினு இருக்குது.”

“எத?”

“அதத்தான்.”

போன் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். “அய்யய்யோ! கழட்டச் சொல்லுங்க! கல்யாணம் ஆவாத பொண்ணு, மொதல்ல கழட்டச் சொல்லுங்க!”

“என்னான்னு சொல்லிக் கழட்டச் சொல்றது? உங்கம்மா பொணத்துக்கு எடுத்ததுன்னா?”

“வேற நல்லதா எடுத்துத் தர்றேன்னு சொல்லுங்க.”

“எங்க எடுக்கறது? இந்த ஊர்ல கழுதைக்குக் கால்சட்டை போடறான், பொடவ விக்கல.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாட எனக்கு எங்கடி தெம்பு? மாமன் எடுத்தாந்த பொடவைன்னு சொல்லிக்கினு நிக்குது. முனையில மஞ்சள் இல்லன்னு தானே வெச்சிட்டுது.”

“என்னா வெச்சிட்டுது?”

“மஞ்சள்.”

பின்னால் நம் வீட்டுக் கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. கஸ்தூரி பெருமூச்சு விட்டாள்.

“மஞ்சள் வெச்சிட்டா அப்புறம் நாம யாருங்க கழட்டச் சொல்ல? வாய மூடிக்கினு கெடங்க. அத்தைக்கு என்னா பதில் சொல்றதுன்னு மட்டும் யோசிச்சிக்கினு வாங்க.”

வீட்டுக்குத் திரும்பினால், மீனா அந்தப் புடவையோடேயே உன்னைப் பார்க்கக் கிளம்பி நிற்கிறாள். மேலே கோட்டு. வழியில் ரொட்டிக் கடைக்காரி, சைக்கிளில் போகிறவள், எல்லோரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். என்னைக் காட்டி இவள் ஏதோ சொல்கிறாள், அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். என்ன சொன்னே என்று கேட்டேன். “எங்கம்மாவோட தம்பி, எனக்குப் பொடவ எடுத்தாந்துருக்குன்னு சொன்னேன்” என்றாள்.

உன் இடம் நம் வீட்டு அம்மி அகலம்தான் இருக்கிறது. ஒரு கல், அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாம்பல் கலயமாக மாமாவும் நீயும். வீடு முழுக்க நடந்து நடந்து பேசுகிறவளை இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அக்கா அடக்கினார்கள்? மழைத் தண்ணீர் கல்மேல் தேங்கியிருந்தது. மீனா குனிந்து, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

“புதுப் பொடவ மீனா, வீணாப் போவுது” என்றேன்.

“போனாப் போவுது மாமா. மழைல நனஞ்சிக்கினு வந்தா அம்மா என் தலைய இப்டித்தான் தொடைக்கும்.”

நானும் மண்டி போட்டு உட்கார்ந்து, முந்தானையின் இன்னொரு முனையைப் பிடித்துத் துடைத்தேன். துடைத்து முடித்த பிறகும் எடுக்கவில்லை. கல்மேல் அப்படியே விரித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் அக்கா, உன் தம்பி வந்திருக்கிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். மீனா என் கையைப் பார்த்தாள். புடவை அவள் இடுப்பில் இருக்க, முந்தானை உன்மேல் கிடந்தது. அப்புறம் காற்று அடித்தது, அவளுக்குக் குளிர்ந்தது, எடுத்துவிட்டோம்.

இது சேருமா, அக்கா? இப்படிச் செய்ததைப் போர்த்தினது என்று சொல்லலாமா? ஊரில் கேட்டால் இல்லை என்பார்கள். போர்த்தினதை மறுபடி எடுக்கக் கூடாது. எடுத்ததை உயிரோடு இருக்கிறவள் கட்டக் கூடாது. எல்லாமே தப்பு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் தப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துத்தான் இந்த அசதி என்று நினைக்கிறேன். பிளேன் இல்லை, ரயில் இல்லை, இதுதான்.

இது வரைக்கும் நேற்று எழுதினேன். இன்றைக்குக் காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. மீனா போட்டோ அனுப்பியிருந்தாள், அன்றைக்கு உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மதில்மேல் நிற்க வைத்து அவள் போனில் நான் எடுத்ததுதான். பின்னால் படகுகள், அவள் மயில்கழுத்தில். “யாரு, பேத்தியா? குடு பாக்கலாம்” என்று அம்மா கையை நீட்டினாள். கண் ஆபரேஷன் செய்ததிலிருந்து அவளுக்குத் தெரியாததில்லை, உனக்குத் தெரியுமே. போனைப் பின்னால் மறைத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி.

“குட்றா.”

கொடுத்தேன். பார்த்தாள். மல்லாட்டை உடைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கஸ்தூரி விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இது சரோஜாவுக்கு எடுத்தது.”

“ஆமாம்மா.”

“இவ கட்டிக்கினு நிக்கறா.”

“ஆமாம்மா.” அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பை, மஞ்சள், கல், முந்தானை. உன்னிடம் சொன்ன மாதிரி ஒழுங்காகக்கூட இல்லை, முன்னும் பின்னுமாக உளறினேன். திட்டப் போகிறாள், இல்லை மயக்கம் போட்டு விழப் போகிறாள் என்று கஸ்தூரி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

“எந்த மஞ்சள்?” என்று கேட்டாள் அம்மா.

“என்னா?”

“பொண்ணு வெச்சான்னு சொன்னியே, எந்த மஞ்சள்? கடையில வாங்கினதா?”

“இல்லம்மா. மூடியில செவப்பு நூல் கட்டி நீ அக்காவுக்குக் குடுத்தனுப்புவியே, அந்த டப்பா. நீ இடிச்ச மஞ்சள்தான்.”

அம்மா போனைத் தரையில் வைத்தாள். சேலையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அழுதாள், அக்கா. நீ போன அன்றைக்கு அழாதவள், பெட்டி கதவுக்குள் போனபோது அழாதவள், வருஷ திவசத்துக்கு அழாதவள், இன்றைக்கு மல்லாட்டைத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து, எம் பொண்ணே, எம் பொண்ணே என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நானும் கஸ்தூரியும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். தடுக்கவில்லை. இது வர வேண்டியதுதானே?

ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, போனை மறுபடி எடுத்தாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட கோடின்னு சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லாத. எப்பவும் சொல்லாத.” கிட்டே வைத்துப் பார்த்தாள். “அய்ய, இது என்னாடா உள்ள? பனியனா?”

“ஸ்வெட்டர்மா. அங்க குளிரு.”

“மாமன் எடுத்தாந்த பொடவைக்கு ரவிக்கை வேணாமா? உனக்கு அறிவு வேணாமா? போ, திண்டிவனம் போயி அரக்கு கலர்ல ஒரு ரவிக்கைத் துணி எடுத்தா.”

“அளவு கேக்கறேம்மா.”

“என்னாத்துக்குக் கேக்கணும்? பாத்தாலே தெரியுது, அவ ஆத்தா அளவுதான்” என்றாள்.

பொங்கலுக்கு மீனா வருகிறாள், அக்கா. அதற்குள் தைத்து வைக்க வேண்டும். நாளைக்கு அதே கடைக்குப் போகிறேன். கடைக்காரர் கேட்டால், எங்கக்கா பொண்ணுக்கு, மாமன் எடுக்கிறேன் என்று சொல்லுவேன். முனையில் மஞ்சளை அம்மா வைப்பாள். மோட்டார் கொட்டாயில் ஆணி மட்டும் இருக்கிறது, பிடுங்கிவிடுகிறேன். பிறந்ததற்கும் பெரியவளானதற்கும் வராதவன், இனி அந்தப் பெண்ணுக்கு நடக்கிற எதற்கும் வராமல் இருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
மீனாவின் மாமன்,
ஏழுமலை